தலைமுடியும் பாவும்

இஸ்திரிக் கடையில் கஞ்சி போட்ட சேலைமேல் சூடு படும்போது எழுகிற மணம், காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறைக்குப் பின்னாலிருந்த தகரக்கூரை ஜெபவீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விடுகிறது. இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்போது ஞாயிறுதோறும் அப்பா, அம்மா, நான் மூவரும் தெருவில் யாருக்கும் தெரியாமல் சந்து வழியாகப் போவோம். நெசவுக் கஞ்சி மணக்கும் விரலை வரிமேல் ஓட்டியபடி அப்பா வேதப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பார்.

ஒருநாள் வாசித்த பக்கத்தில், கூடப்பிறந்தவர்களே உங்களைக் காட்டிக்கொடுப்பார்கள், சிலரைக் கொல்லவும் செய்வார்கள் என்றிருந்தது. சற்றுக் கீழேயே, உங்கள் தலைமுடியில் ஒன்றுகூட அழியாது என்றும் இருந்தது.

"கொன்னுட்ட அப்புறம் முடி இருந்து இன்னாத்துக்கு? ரெண்டுல எதுங்க நெசம்?" என்றாள் அம்மா.

"ரெண்டும்தான் எழுதியிருக்குது," என்றார் அப்பா.

நாங்கள் ஜெபவீட்டுக்குப் போகிற விஷயம் அந்த வாரமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, என் சித்தப்பாதான் என்று பக்கத்து வீட்டு அக்கா கொல்லைப்புறமாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

விடிகாலையில் தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, பாவை, தெருவில் நீட்டிக் கஞ்சி போடும்போது, கூப்பிடாமலே வீட்டுக்கொருவர் வந்து பிடிப்பது எங்கள் வழக்கம். மறுநாள் எந்தக் கதவும் திறக்கவில்லை, தறிச் சத்தம்கூட இல்லை. அப்பா பட்டு இழைகளின் ஒரு முனையோடு தனியாக நின்றார். சித்தப்பா மட்டும் சிரித்தபடி வந்து மறுமுனையை எடுத்துக்கொண்டார்.

"நான் இருக்கறேன்ல. நல்லா இழுத்துப் புடிச்சிக்கினு நில்லுண்ணே."

அம்மா வாசற்படியில் நின்று அப்பாவின் தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.