பனிக்குள் கேட்ட குரல்

எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு சமைக்கிறேன். நேற்று வகுப்பறையைக் கடந்தபோது, மலையில் மூடுபனி உருவாகும் விதத்தை டீச்சர் இணையத்திலிருந்து பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தார். வெண்மை நகர்ந்து வந்து மலையை மூடியது. என் மூக்கில் ஈரச் சுவரின் வாசம் ஏறியது.

மலைமேல் வாழவந்தியில் நானும் அண்ணனும் படித்தபோது எல்லா வகுப்புக்கும் ஒரே அறைதான். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது. வாத்தியார் குரலை வைத்துத்தான் வருகைப்பதிவு எடுப்பார்.

ஒருநாள் அண்ணன் கடும் காய்ச்சலில் கிடந்தான்.

"பனிக்குள்ள அவன் பேரைக் கூப்பிட்டா உசுரு எந்திரிச்சுப் போயிரும். வாத்தியாருகிட்டச் சொல்லிப்போடு கண்ணு" என்றாள் அம்மா.

சொன்னேன். "உங்கம்மா நொம்பத்தான் பயப்படறாங்க" என்று வாத்தியார் சிரித்தார். ஆனாலும் அவன் பெயரை மட்டும் கூப்பிடாமல் தாண்டினார்.

அந்த இடத்தில், "உள்ளேன் ஐயா" என்று அண்ணனின் குரல் கேட்டது.

"எவன்டா அது?" என்றார் வாத்தியார். நான் வீட்டுக்கு ஓடினேன்.

காய்ச்சல் விட்டு அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "ஏம்புள்ள, வாத்தியாரு எம்பேர மட்டும் ஏன் உட்டுட்டாரு?" என்று கேட்டான்.

திரையில் பனி விலகியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனேன்.