சீசன் கார்டில் அண்ணன்ர கன்னம்

மாதாமாதம் பஸ்ஸில போய்வாற சீசன் கார்டுக்குப் படம் ஒட்டவேணுமெண்டு சட்டம் கொண்டுவந்தவன் ஆரோ, அந்தக் கோதாரியை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. வன்னிக்குள்ள பிலிம் றோல்கூட ஆமி வரவிடாத காலம். புதுக்குடியிருப்பு ஸ்ரூடியோக்காரர் கமராவைத் துணியால மூடிப்போட்டு, வாசலில இருந்து சைக்கிள் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். இதுக்குள்ள படமாம், படம்!

நான் அப்ப ஏ.எல். சோதினைக்குப் படிக்கிறன். தர்மபுரத்தில இருந்து புதுக்குடியிருப்புக்கு வகுப்புக்குப் போறது மண்ணெண்ணெயில ஓடுற பஸ்ஸிலதான். முந்தின கார்டில பேரும் ஊரும் எழுதியிருந்தாப் போதும். கொண்டக்டருக்கு எங்கட முகம் மட்டுமில்லை, எங்கட வீட்டு நாயையும் தெரியும்.

"படமில்லாட்டி சீசன் இல்லை" எண்டார் டிப்போ கிளாக்கர், தலை நிமிராமல்.

"பிலிம் இல்லை ஐயா. எங்க போய் எடுக்கிறது?"

"அது உம்மட பாடு."

வீட்டில மிஞ்சியிருந்தது ஒரேயொரு படம். மற்றதெல்லாம் இடம்பெயர்ந்ததில போச்சு. நான் ஓ.எல். சோதினை பாஸான கிழமை அண்ணனும் நானும் தலையோட தலை முட்ட நிண்டு எடுத்தது. அடுத்த வருசம் ஷெல் விழுந்து அண்ணன் செத்திட்டான். அவன்ர முகம் எண்டு எங்களிட்ட வேற ஒண்டும் இல்லை. என்ர முகத்தைச் சதுரமா வெட்டினா அவன்ர ஒரு கன்னமும் காதும் சேர்ந்து வரும். நான் மாட்டனெண்டன். அம்மாதான் கத்தரிக்கோலை எடுத்தா. "அவன் இருந்தா உன்னைப் படிக்கவேண்டாமெண்டு சொல்லுவானோ?" எண்டா. வெட்டி முடிச்சிட்டுக் குசினிக்குள்ள போனவ கனநேரம் வெளியில வரேல்லை.

மூண்டு மாசம் அந்தக் கார்டோட போய்வந்தன். புதுப்பிக்கப் போனா அதே கிளாக்கர் சொல்லுறார்: "இனிப் படம் தேவையில்லை. சட்டம் மாறியிட்டுது. பழைய கார்டைத் தாரும்." பார்த்திட்டுத் திருப்பித் தருவாரெண்டு நினைச்சு, விசரி நான், நீட்டினன். டப்பெண்டு ஊதா மையில 'இரத்து' எண்டு குத்தி மேசைக்குக் கீழ இருந்த பெட்டிக்குள்ள எறிஞ்சார்.

"ஐயா, படத்தையாவது தாங்கோ. அதில என்ர அண்ணன் இருக்கிறான்."

"அது டிப்போச் சொத்து. பழசைக் குடுத்தாத்தான் புதுசு."

எனக்கு வந்த கோபத்தில கதவைத் தள்ளிக்கொண்டு உள்ள போய், பெட்டியைக் கவிட்டுக் கொட்டி என்ர கார்டைப் பொறுக்கினன். "நீயெல்லாம் ஒரு பொம்பிளைப்பிள்ளையோ?" எண்டு கத்தினார். "ஓம், அதுக்கென்ன இப்ப?" எண்டன். சீசன் தரேல்லை. தராட்டிப் போகட்டும்! சோதினை முடியும்வரைக்கும் அந்தக் குண்டும் கிடங்குமான றோட்டில சைக்கிள் உழக்கித்தான் போனனான்.

அம்மா கார்டில இருந்து அந்தத் துண்டை உரிச்செடுத்து, சோத்துப் பசை பூசி, மிச்சப் படத்தில பழைய இடத்திலேயே ஒட்டினா. வெட்டின கோடு சரியாப் பொருந்தியிட்டுது. ஆனா 'இரத்து' எண்டதில ஒரு எழுத்துக்கூட என்ர முகத்தில விழேல்லை. முழுக்க அண்ணன்ர கன்னத்தில. அம்மா ஈரச்சீலையால துடைக்கப் போனா. முகமும் சேர்ந்து அழிஞ்சிடுமெண்டு நான் அவான்ர கையைப் பிடிச்சிட்டன்.