எல்ஸ்பெத்தின் பீப்பாய்

ஸ்பே ஆற்றங்கரையில் தபால் வண்டி ஓட்டியவர் வாட்டி கெடிஸ். அப்பா ஆட்டுக்கு மயிர் கத்தரித்தவர், தாத்தா ரோடு போட்டவர். அந்தக் குடும்பத்தில் நாளைக்கு என்று ஒன்றை வாங்கி வைத்த முதல் ஆள் வாட்டிதான். மகள் எல்ஸ்பெத் பிறந்த வாரம், ஊர் வடிசாலையில் புது விஸ்கி ஒரு பீப்பாய் வாங்கி அங்கேயே கிடங்கில் ஊறப் போட்டார். மனைவி ஜீனின் அண்ணன் டூகலும் அன்றைக்கே பக்கத்துப் பீப்பாயை வாங்கினார்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வாட்டி கூட்டாளிகளோடு கிடங்குக்குப் போவார். மரமூடியைத் தட்டித் திறந்து, செம்புக் குழாயை விட்டு எடுத்து, பிள்ளை பெயரைச் சொல்லி ஆளுக்கொரு மடக்கு குடிப்பார்கள். டூகல் தன் பீப்பாயைத் தொட்டதே இல்லை. எல்ஸ்பெத் நிச்சயதார்த்தத்தில் எல்லார் முன்னாலும், "புள்ளைக்குச் சேத்து வச்சத புள்ள பேரச் சொல்லியே குடிச்சுத் தீத்தது எங்க மாப்ளதான்" என்று சொல்லிவிட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு இல்லை.

இந்த வருஷம், எல்ஸ்பெத் வேலை பார்க்கும் ரொட்டிக் கடை விலைக்கு வந்தது. பீப்பாயை விற்று வாங்கித் தருகிறேன் என்று வாட்டி வாக்குக் கொடுத்துவிட்டார். கிடங்கு ஆள் ராபி அளந்து பார்த்தான். பாதிக்கு மேல் காலி. வெற்றிடத்தில் காற்று நிறைந்து சாராய வீரியம் இறங்கி, நாற்பது சதவீதத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

"நாப்பதுக்குக் கீழ போனா சட்டப்படி இது விஸ்கியே இல்ல, அண்ணே."

"அப்ப என்னடா இது?"

"வாசனைத் தண்ணி. வீரியமுள்ள சரக்கோட சேத்தா பொழைச்சுக்கும். ஆனா இதே வடிசாலை, இதே வயசா இருக்கணும். இல்லேன்னா வெல விழுந்துரும்."

இருவரும் பக்கத்துப் பீப்பாயைப் பார்த்தார்கள்.

டூகல் கோழிக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார். வாட்டி தொப்பியைக் கழற்றி நின்றார்.

"வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார் டூகல்.

"தப்பு என்மேலதான், மச்சான். புள்ளைக்கு வாக்குக் கொடுத்துட்டேன். உன் சரக்கோட சேத்தாத்தான் என்னது வெல போகும்."

டூகல் கிண்ணத்தில் இருந்த தானியத்தைக் கோழிகளுக்குக் கொட்டிக் கவிழ்த்தார்.

"சரி, சேத்துக்க. வித்ததுல என் பங்கு எனக்கு வந்துரணும். கடைக்குத் துண்டு விழுந்தா புள்ளைய அதுல எடுத்துக்கச் சொல்லு. ஆனா புட்டியில அடைக்கும்போது என் பேருதான் மேல இருக்கணும்."

"உன் பேர மட்டுமே போட்டுக்க, மச்சான்."

மறுநாள் வாட்டியும் டூகலும் கிடங்குக்கு வந்தார்கள். ராபி டூகலின் பீப்பாயை முதல்முறையாகத் திறந்தான். ஒரு மடக்கு எடுத்து அவர் கையில் கொடுத்தான். டூகல் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார்.

"வருசா வருசம் வந்திருக்கலாம் போலருக்கே."

"கூப்பிட்டேன். நீதான் வரல."

"நீயும் சும்மாவா கூப்பிட்ட? ஆளுக்கொரு மடக்குன்னு சொல்லி ரெண்டு மடக்கு குடிப்பியே" என்று சொல்லி, டூகல் கோப்பையை மறுபடி நீட்டினார்.

"போதும், மச்சான்" என்று வாட்டி அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "கடைய வாங்கின பொறவு குடிக்கலாம்."