திரும்பி வந்த தண்ணீர்

காளியம்மாளுக்கு வயது நாற்பத்தாறு. உத்திரமேரூர் ஏரியை ஒட்டிய இருளர் குடியிருப்பில் வீடு. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததைச் செய்வார். பங்குனி பிறந்துவிட்டால் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஏரித் தண்ணீர் வடிய வடிய அதன் பின்னாலேயே சேற்றில் நடந்து போய் நத்தையும் நண்டும் பொறுக்குவார். பொந்தின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது நண்டா பாம்பா என்று சொல்லிவிடுவார். அந்தச் சேற்றில் அவருக்குப் பயமே கிடையாது. வடிந்த தண்ணீர் இனி ஐப்பசி மழைக்குத்தான் வரும்.

போன பங்குனியில் ஒரு தொண்டு நிறுவனம் அவர்களுடைய மகளிர் குழுவை ராமேசுவரத்துக்கு அழைத்துப்போனது. ஒரு வேன், பதினான்கு பெண்கள். காளியம்மாள் மருமகள் காவியாவையும் கூட்டிக்கொண்டார். கல்யாணமாகி எட்டு மாதமே ஆனவள். செங்கல் சூளையில் வளர்ந்தவள், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அவளுடைய அம்மா அனுப்ப மறுத்தார். மகன் பிரவீனும் தயங்கினான். காளியம்மாள்தான் இருவரிடமும் பேசி, பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதாக வாக்குக் கொடுத்து அழைத்துவந்தார்.

மறுநாள் காலை பாம்பன் பக்கத்திலிருந்து படகேறி ஒரு சின்னத் தீவுக்குப் போனார்கள். இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியும். வெள்ளை மணல், தாழைப் புதர், சேற்றில் வேரூன்றிய அலையாத்தி மரங்கள். படகுக்காரர் மூன்று விஷயங்கள் சொன்னார். எதையும் எடுக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது, இரண்டு மணிக்குப் படகு கிளம்பிவிடும்.

காளியம்மாள் கடல் பார்க்காதவர் அல்ல. மாசி மகத்துக்கு ஆண்டுதோறும் மாமல்லபுரம் போய், கடற்கரை மணலில் தங்கித் தங்கள் தெய்வமான கன்னியம்மாவைக் கும்பிடுகிறவர். ஆனால் அந்தக் கடல் இரைந்துகொண்டே இருக்கும். இது ஏரி மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது. பதினொன்றரை மணிக்கு, மற்றவர்கள் மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. முந்நூறு அடி தள்ளி ஒரு மணல்மேடு வெளியே தெரிந்தது. அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள காவியாவுக்கு ஆசை. தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டாள்.

"வடிஞ்ச தண்ணி எங்கமே வரப்போவுது? வா."

ஈர மணலில் நடந்தே போனார்கள். மேடு முழுக்க நண்டுப் பொந்துகள். காவியா போனைத் தூக்கித் தூக்கிப் படம் எடுத்தாள். காளியம்மாள் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பொந்தாகப் பார்த்துக்கொண்டே போனார். நேரம் போனது தெரியவில்லை. திடீரென்று ஒரு பொந்துக்குள்ளிருந்து தண்ணீர் ஊறி மேலே வந்தது. பக்கத்துப் பொந்திலும் வந்தது. நிமிர்ந்து பார்த்தார். வந்த வழியைக் காணவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். மதகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடியும் பார்த்தார்.

இருவரும் கத்தினார்கள். காற்று எதிரே அடித்தது. மரத்தடியில் புடவை நிறங்கள் தெரிந்தனவே தவிர ஒருவரும் திரும்பவில்லை. மேடு ஒரு வீட்டு வாசல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

"அத்தே, எனக்கு நீச்சல் தெரியாது."

"தெரியும்மே," என்றார் காளியம்மாள். அவருக்குத் தெரிந்ததும் நிற்கிற தண்ணீரில் நீந்துவதுதான்.

நின்றால் மூழ்கிவிடுவோம் என்று தோன்றியது. காவியாவின் துப்பட்டாவை வாங்கி இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்து முடிந்தார். கால் வைத்து, கெட்டி மணலா என்று அழுத்திப் பார்த்து, அடுத்த காலை எடுத்தார். முழங்கால், தொடை, இடுப்பு. பாதி வழியில் மணல் உள்வாங்கியது. தண்ணீர் மார்புக்கு ஏறியது. காவியாவின் கால்கள் தரையை விட்டு மேலே வந்துவிட்டன. போன் போயிற்று. துப்பட்டா இறுகி வயிற்றை அறுத்தது. இவளை விட்டுவிட்டு எந்த முகத்தோடு ஊருக்குப் போவது என்பது ஒன்றுதான் அப்போது மண்டையில் ஓடியதாகப் பிறகு சொன்னார்.

படகுக்காரர் பார்த்துவிட்டார். "அங்கனயே நில்லுங்க, நகராதீக," என்று கத்திக்கொண்டே நீண்ட கழியோடு இறங்கினார். நிற்பது நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. காலுக்கடியில் மணல் கரைந்தபடியே இருந்தது. இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். காளியம்மாள் கன்னியம்மாவை எத்தனை தடவை கூப்பிட்டார் என்று கணக்கில்லை. கழியின் நுனி கைக்கு எட்டியது.

கரையில் காவியா உப்புத் தண்ணீராக வாந்தியெடுத்தாள். குழுத் தலைவி தேவயானி வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தார். காளியம்மாள் எதையும் காதில் வாங்காமல், இந்தத் தண்ணீர் ஏன் திரும்பி வந்தது என்று படகுக்காரரைக் கேட்டார். கடல் தினமும் இரண்டு தடவை வற்றும், இரண்டு தடவை ஏறும் என்றார் அவர்.

"தெனமுமா?" என்று கேட்டவர், காவியாவையும் இழுத்துக்கொண்டு தண்ணீரை விட்டு இன்னும் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்குப் படகில் ஏற்றினார்கள். நனைந்த துப்பட்டாவின் முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. தேவயானி பிளேடு எடுத்து நீட்டினார். கரையேறியதிலிருந்து மாமியாரிடம் ஒரு வார்த்தையும் பேசாத காவியா முடிச்சின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"வோணாங்க்கா. கரை வரட்டும்."

காளியம்மாள் அவளோடு ஒட்டி உட்கார்ந்து, படகின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கரை வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.