கடுகு வெடித்ததும்

1973 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் பெய்த மழை விடிவதற்குள் விட்டிருந்தது. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் பெருக்கினேன். முந்தின இரவு ஊறவைத்த புளியைக் கரைத்து வடிகட்டினேன். இரவே ஊறவைத்தால் எலுமிச்சை அளவு புளி கேட்கிற ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு போதும். அரிசியை இரண்டு முறை களைந்து, இரண்டாவது கழுநீரைக் கீரைக்கு எடுத்து வைத்தேன். துவரம்பருப்பில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். சீக்கிரம் குழைந்துவிடும், மண்ணெண்ணெயும் மிச்சம். அரிசி பாதி வெந்ததும் பானையை அப்படியே மூடி, வைக்கோல் பெட்டிக்குள் இறக்கி, மேலே பழைய தலையணையை வைத்து அமுக்கினேன்.

இந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலை வரும் பலகைப் பெட்டிதான். உள்ளே சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, நடுவில் பானை உட்காரும் அளவுக்குக் குழி விட்டிருக்கும். கொதிக்கிற பானையை அதில் வைத்து மூடிவிட்டால் அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும். தண்ணீரை மட்டும் அளந்து விட வேண்டும், கஞ்சி வடிக்கிற வேலை கிடையாது. காலையில் வைத்தால் மதியம் திறக்கும்போதும் கை சுடும். படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு இதைவிட உபகாரமான பொருள் எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் நகல் எழுதும் ரைட்டர் நான். மூன்று வருஷம் அப்படித்தான் வேலைக்குப் போய் வந்தேன்.

பருப்பு ஆயிற்று, கீரை ஆயிற்று. ரசம் தாளிக்க வேண்டியது மட்டும் பாக்கி. சட்டியில் எண்ணெய் காய்ந்தது, கடுகு போட்டேன், வெடித்தது. புளித்தண்ணீர்ச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் ஒவ்வொரு நாளும் நிற்கிறேன். சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை தட்டும் சத்தம் வந்தால்தான் என் கை சாயும்.

அன்றைக்கு வரவில்லை. கடுகு கருத்தது, மிளகாய் கருத்தது, புகை எழுந்து கண்ணைக் கரித்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நைனா! கருகுது நைனா! இன்னா பாத்துக்கினு நிக்கற?"

என் மகள். செவ்வாப்பேட்டையிலிருந்து முதல் ரயில் வண்டியில் வந்திருக்கிறாள். குடையை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்து சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். பிறகு என் கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

அடுப்படிக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். 1969 கோடையில் என் மனைவிக்கு ஒரு பக்கம் விழுந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கட்டிலை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டோம். அதுவரை நான் வெந்நீர் வைத்ததில்லை. மகளுக்குக் கல்யாணமாகி, அவள் வயிற்றில் பிள்ளை. வேறு ஆள் கிடையாது.

முதல் வாரம் நான் செய்த ரசத்தை என் மனைவி ஒரு வாய் வாங்கி, அப்படியே வழியவிட்டாள். இரண்டாம் வாரம் ஒரு காலையில் தலைமாட்டில் கிடந்த பித்தளைக் கரண்டியை இடது கையால் எடுத்துச் சுவரில் தட்டினாள். நான் ஓடிப்போய், "இன்னா வேணும்?" என்றேன். கோபமாகக் கரண்டியை ஆட்டி என்னை அடுப்படிக்குத் திரும்பிப் போகச் சொன்னாள். மறுபடி தட்டினாள். அப்போதுதான் புரிந்தது. கடுகு வெடிக்கிற சத்தமும் பெருங்காய வாசனையும் அவளுக்கு அங்கே போய்ச் சேருகின்றன. அவள் படுத்தபடியே சமைக்கிறாள்.

ஒரு தட்டு என்றால் சரி, அடுத்ததைச் செய். இரண்டு என்றால் பொறு. விடாமல் தட்டினால் இங்கே வா. இவ்வளவுதான் எங்கள் பாஷை. வெந்தயம் சிவக்கிற வாசனைக்கு ஒரு தட்டு, பருப்பு பொங்குகிற சத்தத்துக்கு ஒரு தட்டு. பீர்க்கங்காய்த் தோலை நான் எறியப் போனால் எப்படித்தான் தெரியுமோ, இரண்டு தட்டு விழும். அந்தத் தோல் மிளகாய், உளுந்தோடு வதங்கித் துவையலாகும். அவளுக்குச் சோற்றைக் குழைய மசித்து, பருப்புத்தண்ணீர் விட்டு, இடது கன்னத்துப் பக்கமாக ஊட்டுவேன். வலது கன்னத்தில் சோறு தங்கிவிடும். சாப்பிட்டு முடித்ததும் விரலை விட்டு எடுக்க வேண்டும். முதல் நாள் என் விரலைக் கடித்துவிட்டு, ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாள்.

எங்கள் ஊரில் நோய் தீர வேண்டுமென்றால் அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். நானும் கரைத்தேன். ஒரு அமாவாசைக்கு வெல்லத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு தட்டு விழுந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தால், கரண்டியால் தன் வாயைச் சுட்டிக்காட்டுகிறாள். பாதியைக் குளத்துக்கும் பாதியை அவள் கஞ்சிக்கும் பங்கு வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மா இதைக் கேட்டு, "நல்லதுதான் ரைட்டரே, மீனுக்கு வேற சக்கரை நோவு வந்துரப் போவுது" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு விழுந்தது.

1972 ஆகஸ்டில் ஒரு நாள் வழக்கம்போலக் காலையில் ஊட்டிவிட்டு, மதியச் சோற்றைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். இடைவேளையில் வந்தபோது அவள் போயிருந்தாள். கரண்டி தரையில் கிடந்தது. பெட்டியை யார் திறந்தார்கள் என்று நினைவில்லை. பானையிலிருந்து ஆவி வந்தது நினைவிருக்கிறது. சோறு அத்தனை சூடாக இருந்தது. அவள் கை அப்படி இல்லை.

காரியம் முடிந்து, தனியாக உலை வைத்த முதல் நாள், கடுகு வெடித்ததும் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. நான் புளித்தண்ணீரை ஊற்றினேன். பிறகுதான் செம்பைக் கீழே வைத்தேன். அறையைப் போய்ப் பார்த்தேன். காலிக் கட்டில், தலைமாட்டில் நான் எடுத்து வைத்த பித்தளைக் கரண்டி. சுவரில் அவள் தட்டித் தட்டிச் சுண்ணாம்பு பெயர்ந்த இடம், ஒரு கால் ரூபாய் அளவு. அன்றிலிருந்து வருகிறது. சில நாள் வராது. வராத நாளில் நான் காத்திருப்பேன், தாளிப்பு கருகும். இதை யாரிடமும் சொல்லவில்லை, மகள் தானாகவே கண்டுகொண்டாள். சொன்னால் நின்றுவிடும் என்று ஒரு பயம்.

அது நின்றுவிடுமோ என்பதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அன்று காலை நான் போன பிறகு அவள் விடாமல் தட்டியிருப்பாளோ? வா, வா என்று தட்டி, யாரும் வராமல் கரண்டியை விட்டுவிட்டாளோ? படுத்தால் இது வரும். கோர்ட்டில் நகல் எடுக்கும்போது வரியின் நடுவில் இது வரும்.

மகள் கருகிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக ரசம் வைத்தாள். சாப்பிட உட்கார்ந்ததும் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நைனா, நீ எங்கூட வந்துரு. நான் காலைல ஆறு மணி வண்டிக்குக் கம்பெனிக்குப் பூடறேன். அவரு நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு வந்து பொணம் மாதிரி தூங்கறாரு. உன் பேத்தி டீயில பன்னு நனைச்சித் தின்னுக்கினு கெடக்குது. நேத்து டாக்டர்கிட்ட காமிச்சேன். எடையே ஏறலியாம். 'சோறு போடுறியா, இல்லியாம்மா?'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு."

அவள் கண்ணைத் துடைக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு ஆளைப் போட்டுக்க" என்றேன்.

"ஆளா? ரெண்டு பேரைப் போட்டுப் பாத்தாச்சி. ஒருத்தி புள்ளைக்கு வெச்ச பாலைக் குடிச்சா, இன்னொருத்தி புள்ளைய வுட்டுட்டு சினிமாக்குப் பூட்டா. நீ அம்மாவுக்கு மூணு வருசம் ஊட்டினவன். அங்கேர்ந்து கோர்ட்டுக்கு வண்டியில வந்து போலாம். ஒம்பது மணி வண்டிக்கு நீ கிளம்பற வரைக்கும் புள்ள சோறு தின்னா போதும். மதியத்துக்குப் பொட்டியில வெச்சிட்டா அவரே எழுந்து போட்டுடுவாரு."

"வீட்டைப் பூட்டிப் போட்டா பாழாயிடும்" என்றேன்.

"ஊட்டுக்கு இன்னா நைனா? நீ சொவரைத்தான் சொல்றே."

எழுந்து கை கழுவினேன்.

மதியத்துக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மா வந்தாள். ஊர் எல்லையில் அவளுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு, வீட்டுப் பின்னால் இரண்டு எருமைகள். என் பெட்டிக்கு வைக்கோல் அவள் வீட்டுப் போரிலிருந்துதான். ஒரு கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"இந்தாங்கோ. மழையில உள்ள இருக்கறது ஊறிப் பூட்டிருக்கும், எலி பிரசவம் பாக்கறதுக்குள்ள மாத்துங்கோ. எம் மாட்டுக்குக் கூட இவ்ளோ கவனமா வைக்கோல் போட்டதில்லை நான்" என்றவள், மகளைப் பார்த்ததும், "இட்டுக்கினு போவ வந்தியாம்மா?" என்று கேட்டாள்.

"வரமாட்டேங்கறாரு, அத்தே."

அந்த அம்மா வைக்கோலைக் கீழே போட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துப் பேசினாள்.

"ரைட்டரே, ஒண்ணு சொல்லணும். ஒரு வருசமா தொண்டையில நிக்குது. அன்னிக்கி, அவங்க போனாங்களே, அன்னிக்கி நான் கொட்டாயில சாணி வாரிக்கினு இருந்தேன். தட்டுற சத்தம் கேட்டுது. நீங்க ஊட்டுல இருக்கீங்கோ, தாளிக்கிறீங்கோன்னு நெனைச்சிக்கினு நான் பாட்டுக்கு இருந்துட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சிது, நீங்க அப்போ கோர்ட்டுல இருந்தீங்கோன்னு. நான் ஒரு நடை எட்டிப் பாத்திருந்தா..."

மகள் என் தோளைப் பிடித்தாள். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"விடாம தட்டினாளா?"

"இன்னாது?"

"படபடன்னு, விடாம, கூப்புடற மாதிரி?"

அவள் யோசித்தாள். கண்ணை மூடி, கையால் காற்றில் தட்டிப் பார்த்தாள்.

"இல்லியே. அப்படித் தட்டியிருந்தா ஓடியாந்திருப்பேனே. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? இது ஒண்ணு. அப்பறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லே. அப்பறம் ஒண்ணு. நான் ஒரு கூடை சாணி வார்ற நேரம் உட்டு இன்னொண்ணு. தெனமும் கேக்கற மாதிரியே. அதான் நீங்க இருக்கீங்கோன்னு நெனைச்சேன்."

எருமை ஒன்று கத்தியது. "நான் போய்த் தண்ணி காட்டறேன்" என்று அந்த அம்மா எழுந்து போனாள்.

நான் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒன்று. இடைவெளி. ஒன்று. நீண்ட இடைவெளி. ஒன்று. வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடுகு வெடிக்கவில்லை, வெந்தயம் சிவக்கவில்லை. இருந்தும் ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று சொல்லியிருக்கிறாள். யார் தாளித்ததற்கு? எந்தச் சமையலுக்கு? கூப்பிடவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் இருந்தது. ஆனால் காலி அடுப்படியை நோக்கி அவள் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டிருந்த அந்தக் காலை என் கண்முன் வந்து நின்றுவிட்டது. இன்றுவரை அது போகவில்லை.

அப்போது ஒன்று தெரிந்தது. அவள் யாரும் இல்லாத அடுப்படிக்குத் தட்டினாள். நான் யாரும் இல்லாத அறையிலிருந்து தட்டுவதைக் கேட்டு நிற்கிறேன். செவ்வாப்பேட்டையில் ஒரு குழந்தை டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெட்டியிலிருந்த பழைய வைக்கோலை வெளியே கொட்டினேன். உள்ளே ஓரமாக உலர்ந்த பருக்கைகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. சுரண்டி எடுத்தேன். புது வைக்கோலைப் பிரித்துப் பரப்பி, பக்கங்களில் இறுகத் திணித்தேன். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டியை வண்டியில ஏத்த வுடுவாங்களா?" என்று கேட்டேன்.

அவள் வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "நான் நாளைக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன் நைனா. தலையில வெச்சிக்கினாவது வரேன்" என்றாள்.

"கொஞ்சமா தின்னுற பிள்ளைக்கு ரசத்துல மிளகு பாதிதான் போடணும்" என்றேன். "சோத்தை ரசத்துல குழைக்கிறதுக்கு முன்னாடி பருப்புல குழைக்கணும். அப்பதான் உடம்புல ஒட்டும்."

"சரி."

"கீரையை மத்தால கடையணும். நறுக்கிப் போட்டா துப்பிடும்."

"சரி நைனா. நீதானே வரே, நீயே கடையேன்."

அன்று இரவு சமைக்கவில்லை. மதியம் மிஞ்சிய சோறு பெட்டியில் திரும்ப வைக்காமலே ஆறிக் கிடந்தது. மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. கண் விழித்தபோது அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது. மகள் எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். பாத்திரம் நகரும் சத்தம், எண்ணெய் காயும் வாசனை. நான் அவள் அம்மாவின் கட்டிலில் படுத்திருந்தேன். எப்போது வந்து படுத்தேன் என்று தெரியவில்லை. கடுகு வெடித்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் நிற்கிறாள் என்று புரிந்தது. தலைமாட்டில் தடவினேன். கரண்டி இருந்தது. எழுந்து உட்கார்ந்து, சுண்ணாம்பு பெயர்ந்த அந்த இடத்தில் ஒரு முறை தட்டினேன். புளித்தண்ணீர் சட்டியில் விழுந்து சீறும் சத்தம் கேட்டது.