உள்ளறை மச்சுக்கு ஒரு நிறம்

ஏரம்பமூர்த்திக்குப் பொழுது விடிந்ததிலேயே கொஞ்சம் சந்தேகம் உண்டு. சேவல் கூவினால் மட்டும் போதாது. மூலைக் கடைக்காரர் பலகைக் கதவைக் கழற்றுகிற சத்தமும் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் எழும்புவார். பால்காரி பூவம்மா கொண்டுவரும் பாலில் ஒரு சொட்டை நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். ஓடினால் தண்ணீர். நின்றால், இன்றைக்கு ஏன் இவ்வளவு நல்ல பால் தருகிறாள் என்று யோசிப்பார். வேலைக்குக் கந்தோருக்குப் புறப்பட்டால் கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். உள்ளே மனைவி இருக்கிறபோதும் இதே கதைதான்.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, இருபத்திரண்டாம் வயதில் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். சர்க்கார் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை. தெருவிலே எல்லோருக்கும் அவர் கிராணியார். மற்றவர்கள் எழுதிய கடிதங்களைச் சரிபார்ப்பது அவருடைய பொறுப்பு. அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளை ஆண்டவன் படைக்கவில்லை. ஒரு தேதி பிழைத்திருந்தால் அதன் பின்னால் ஒரு சூழ்ச்சியே இருப்பதாக எண்ணி மூன்று பழைய கட்டுகளைக் கிளறுவார். துரைக்கு அது பிடித்திருந்தது. சக கிராணிகளுக்குப் பிடிக்கவில்லை.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், பந்தயத் திடலை நோக்கிப் போகிற சந்தொன்றில் வாடகை வீடு. மனைவி கமலாம்பிகை ஊரிலிருந்து வந்து நாலு வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த வீட்டின் உள்ளறையில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் இரண்டு பேருமே அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் ஆண்டுத் தொடக்கத்தில், அவளுக்கு மறுபடி ஏழு மாதம். சித்திரைக்குள் பிறக்கும் என்று கணக்கு.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் நூர்தீன் வீட்டுக்கு வர்ணம் பூசித் தருவதாகச் சொன்னார். நிறம் உங்கள் இஷ்டம் என்றும் சொல்லிவிட்டார். கேளாமலே ஒரு வீட்டுக்காரர் வர்ணம் பூசித் தருகிறாரென்றால் வாடகையை ஏற்றப் போகிறார் என்று ஏரம்பமூர்த்தி இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்து சேர்ந்தது.

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த கமலாம்பிகை, அகப்பையைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, சுவருக்கெல்லாம் நீங்கள் விரும்பினதை அடியுங்கோ. உள்ளறைக்கு மேலை மட்டும் இளநீலம் அடிச்சா என்ன?"

"ஆர் சொன்னது உமக்கு?"

"ஒருதரும் சொல்லேல்லை."

ஏரம்பமூர்த்தி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். நாலு வருஷத்தில் அவள் கேட்டது ஒரு அம்மியும் ஒரு குடையும். அப்படிப்பட்டவள் மச்சுப் பலகைக்கு நிறம் கேட்கிறாள். மச்சுக்கு யார் நிறம் கேட்பார்கள்? விருந்தாளி பார்ப்பது சுவரை. காலில் படுவது தரை. தலைக்கு மேலே என்ன நிறமிருந்தால் யாருக்கு என்ன? இப்போது அங்கே இருப்பது கரும்பச்சை. குடிவந்த நாளிலிருந்து அதுதான் இருக்கிறது. யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

அதிலும் நீலம். நீலம் என்றால் அவருக்கு ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. ஊரில் அவருடைய மூத்த அண்ணர் பள்ளிக்கூட உத்தியோகத்துக்காகக் கிறிஸ்து வேதத்துக்கு மாறிப் போனவர். முதலில் வீட்டில் நீல முக்காடிட்ட மாதா படம் ஒன்று வந்தது, பிறகு ஒரு புத்தகம், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளைக் காணவில்லை. தகப்பனார் சாகும்வரை அந்த மகனோடு பேசவில்லை. கொள்ளி வைத்தது ஏரம்பமூர்த்திதான். ஒரு வீடு இரண்டாகப் பிளப்பதை அவர் கிட்ட இருந்து பார்த்தவர். தன் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்துவிடுமோ என்பதுதான் அவருடைய எல்லாப் பயங்களுக்கும் அடியில் கிடந்த பயம்.

அடுத்த வீட்டில் இருப்பதோ வேதக்காரர்கள். அல்போன்சம்மாள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் வர்ணம் பூசுகிற தொழிலாளி. தமிழர்கள் போகிற மாதா கோயிலுக்கு வெள்ளையடித்ததும் அவன்தான். சொந்தக்காரர் என்று இங்கே யாருமில்லாததால் முதற் பிரசவத்துக்குத் துணைநின்றவள் அல்போன்சம்மாள். பிள்ளை பிறந்த வீட்டுத் துடக்கு, தீட்டு என்று முப்பத்தொரு நாளும் ஏரம்பமூர்த்தி உள்ளறைப் படியை மிதிக்கவில்லை. ஊர் வழக்கம் அப்படி. பிள்ளை போன பிறகும் கமலாம்பிகை அந்தக் கணக்கை முடித்துத்தான் வெளியே வந்தாள். உள்ளே போய்வந்தவள் அல்போன்சம்மாள் ஒருத்திதான். அந்த நாட்களில் உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று யாருக்குத் தெரியும்?

நல்ல உபகாரத்தைச் சந்தேகிப்பது பாவம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சந்தேகித்தார்.

அன்றிலிருந்து வீட்டைக் கண்காணிக்கத் தொடங்கினார். கந்தோரிலிருந்து கால் மணி முந்தி வந்து பார்த்தார்: அல்போன்சம்மாள் அடுப்படிக் குசினி வாசலில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவரைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மரியாதைக்குப் போகிறாள் என்று வேறு யாரும் நினைத்திருப்பார்கள். மாதா கோயில் மணி அடித்தபோது கமலாம்பிகை கையிலிருந்த முறத்தை ஒரு நொடி நிறுத்தியதையும் பார்த்துக்கொண்டார். கல் தட்டுப்பட்டு நிறுத்தியிருக்கலாம். அந்த எண்ணம் அவருக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கிணற்றடிக்குப் போன நேரம் தையற்பெட்டியைத் திறந்தார். ஊசி, நூல், பிள்ளைக்கு மடித்துத் தைத்த இரண்டு சின்னச் சட்டை. அடியில் துணிக்குள் சுற்றி ஒரு மரத்துண்டு. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் முழுக்க இளநீலம்.

அண்ணர் வீட்டில் முதலில் வந்தது ஒரு படம். இங்கே ஒரு மரத்துண்டு. ஏரம்பமூர்த்தி அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. நெற்றித் திருநீற்றை அழிக்க மனம் வராமல், குடையை மழைக்குப் போல முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நல்ல வெயிலில், மாதா கோயில் வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு சந்தேகம். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் விட்டால் எவனாவது கொண்டுபோய்விடுவான். உள்ளே ஆளில்லை. அண்ணாந்து பார்த்தார். கூரை முழுக்க வெறும் வெள்ளை. எதிர்பார்த்தது இல்லாததில் அவருக்குக் கோபமே வந்தது. பிறகு கண்ணில் பட்டது: ஓரத்தில் மாதா சொரூபம் நிற்கிற மாடத்தின் உட்புறம், நீலம். கக்கத்தில் குடை, ஒரு கையில் செருப்பு, மறு கையில் மரத்துண்டு. எட்டி நின்று ஒப்பிட்டுப் பார்த்தார். அதே நீலம். ஒரு மயிரிழை வித்தியாசமில்லை.

"கிராணி ஐயா, நீங்களா?"

பின்னால் ஆம்ப்ரோஸ் நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சாமியார் பின்கட்டில்தான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டான். ஏரம்பமூர்த்திக்கு அப்போதுதான் தான் எங்கே, எந்தக் கோலத்தில் நிற்கிறோம் என்பது உறைத்தது. ஊரையே சந்தேகித்தவர், முதல் தடவையாகத் தன்மேல் ஒரு சந்தேகம் விழுவதைக் கண்டார். இந்தத் துண்டை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்.

"நான்தானுங்க. உங்க வீட்டு அம்மாவுக்கு நாலு துண்டு அடிச்சுக் காமிச்சேன், இதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. இந்த மாடத்துக்கு அடிச்சதுல மிஞ்சின வர்ணம். ஆனா நிறத்தைவிட ஒண்ணுல ரொம்பப் பிடியா இருக்காங்க. பலகை இடுக்கு அத்தனைக்கும் பட்டி போட்டு அடைக்கணும், ஒரு கோடு தெரியக்கூடாதுன்றாங்க. ஏன்னு கேட்டேன், சொல்லல."

எண்ணெயில் பிசைந்த பட்டியைக் கொண்டு இடுக்கை அடைப்பதில் என்ன வேண்டுதல் இருக்கக்கூடும் என்று ஏரம்பமூர்த்தி யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததெல்லாம் அவர் கணக்கில் மோசமானது. அங்கேயே, மாதாவுக்கு முன்னாலேயே, ஆம்ப்ரோஸிடம் சொல்லிவிட்டார்: நீலம் வேண்டாம். உள்ளறைக்குப் பழைய கரும்பச்சையே. பட்டி கிட்டி ஒன்றும் கூடாது. திங்கட்கிழமை தொடங்கு. தான் இங்கே வந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது.

ஆம்ப்ரோஸ் தலையாட்டினான். சாயந்தரமே பச்சை வர்ணத் தகரத்தையும் ஏணியையும் கொண்டுவந்து உள்ளறையில் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமலாம்பிகை அறையைக் கூட்டப் போனாள். விளக்குமாற்றுச் சத்தம் நடுவில் நின்றது. முன் கூடத்திலிருந்த ஏரம்பமூர்த்தி காதைத் தீட்டிக்கொண்டார். அழுகை வரும், வாக்குவாதம் வரும், கடைசியில் உண்மை வரும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றார். அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு தகரத்தைப் பார்த்தபடி நின்றாள். விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது பச்சை.

தான் எல்லாம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் சொன்னார். மரத்துண்டை எடுத்து அவள் முன்னால் நீட்டி, இது எந்த மாடத்து நீலம் என்று தனக்குத் தெரியும் என்றார். அண்ணர் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். உம்மை வேதத்துக்கு இழுக்கிறார்கள், நீரும் போகிறீர், பிறக்கிற பிள்ளையையும் கொண்டு போகப் போகிறீர் என்று முடித்தார். சொல்லி முடித்தபோது அவர் குரல் உடைந்திருந்தது. கோபமில்லை, பயம்.

கமலாம்பிகை விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"என்னை ஒருதரும் ஒரிடமும் இழுக்கேல்லை. நீலந்தான் வேணுமெண்டும் இல்லை. உங்களுக்கு அது பிடிக்காட்டி வேறை எதையும் அடியுங்கோ. எனக்குப் பலகை தெரியாமல் இருந்தாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

"ஏன்?"

"முப்பத்தொரு நாள் நான் அதைத்தானே பாத்துக்கொண்டு கிடந்தனான். கதவடியிலையிருந்து முப்பத்தெட்டுப் பலகை. ஏழாவதிலை ரெண்டு முடிச்சு, கிட்டக் கிட்ட. இருபத்திமூண்டாவது வெடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மாசத்திலை நான் திரும்பவும் இதுக்குக் கீழைதான் கிடக்கோணும். என்னாலை இன்னொருக்கா எண்ணேலாது."

சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மூலையைக் கூட்டப் போனாள்.

வேறொரு மனிதராயிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பார். ஏரம்பமூர்த்தி அப்படிப்பட்டவரல்ல. வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்: அவர் அப்போதும் சரிபார்க்கப் போனார். அறை நடுவில், முன்பு அவளுடைய பாய் கிடந்த இடத்தில், வேட்டியோடு தரையில் மல்லாந்து படுத்தார். நாலு வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிற வீட்டின் மச்சை அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்தார். தலைக்கு மேலே கரும்பச்சைப் பலகைகள் வரிவரியாகக் கதவிலிருந்து சுவர் வரை ஓடின. இடுக்குகள் கறுப்பாகத் தெரிந்தன. அதைத் தவிரப் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

கதவடியிலிருந்து எண்ணினார். விரலை நீட்டி, கந்தோரில் வரிகளை எண்ணுவது போலவே எண்ணினார். ஏழாவதில் இரண்டு முடிச்சு இருந்தது, கிட்டக் கிட்ட. விரல் அங்கே கொஞ்சம் தயங்கிப் பிறகு நகர்ந்தது. பத்து. பதினைந்து. விளக்குமாற்றுச் சத்தம் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

பதினெட்டு என்று வாய்விட்டுச் சொன்னார்.

"அடுத்ததை நான் எண்ணிக்கொண்டிருக்கேக்கைதான் பிள்ளை அழுறதை நிப்பாட்டினது" என்றாள் கமலாம்பிகை.

அவர் விரல் அப்படியே நின்றது. அந்த ஒன்பதாம் நாள் அவர் கதவுக்கு வெளியே, முன் கூடத்தில், பிள்ளை அழுகை ஓய்ந்ததைக் கேட்டவர்தான். தூங்கிவிட்டது என்று நினைத்து நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாமல் விட்ட ஒரே சமயம் அதுவாகத்தான் இருக்கும். கையை இறக்கி முகத்தை மூடிக்கொண்டார். அவள் கிட்ட வந்து, சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

மாதா கோயில் பூசை முடிந்து ஆம்ப்ரோஸ் வீடு திரும்பியபோது கிராணியார் அவன் வாசற்படியில் பச்சைத் தகரத்தோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூரிகையைத் தொடமாட்டேனென்று அவன் தயங்கினான். நீ தொட வேண்டாம், அந்த நீலத்தை எடுத்து வை, இப்போதைக்குப் பட்டியை மட்டும் கொடு என்றார். எப்படி அழுத்த வேண்டும், எப்படி வழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான், அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கதவுப் பக்கத்திலிருந்து தொடங்கினால் சுலபம் என்று ஆம்ப்ரோஸ் கீழே நின்று சொன்னான். அவர் அதைக் கேட்கவில்லை. ஏணியை அறை நடுவுக்கு நகர்த்தி, பத்தொன்பதாவது பலகையின் இரண்டு ஓரங்களையும் முதலில் அடைத்தார்.