சத்தாவும் சத்தமும்

"அம்மா, லத்தீன்காரங்க ‘நம்புறேன்’னு சொல்ற சொல்லும் நம்ம சிரத்தையும் ஒரே வேராம். நெஞ்சை வைக்கிறதுன்னு அர்த்தம். சிங்களத்துல பக்தியைச் சொல்ற சத்தாவும் அதுதான்," என்றாள் மொழியியல் படிக்கும் மகள். அவள் வரும் பஸ் அரைமணி பிந்தினாலே நடுங்குகிறவள் நான். சத்தா என்றதும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

இலங்கையில் தமிழர் வீடுகளை எரித்த எழுபத்தேழு கலவரம். எனக்கு ஆறு வயது. தெரணியகலைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் தீ வைக்க வருகிறார்கள் என்றதும், அப்பா என்னைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பொடிமெனிக்கே அம்மேயின் வீட்டில் விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கப் போயிருந்த அம்மாவைத் தேடி மலைக்கு ஓடினார். அம்மே என்னைப் புத்தர் படத்தின் முன் உட்கார வைத்தார். வெளியே ஆட்கள் கத்திக்கொண்டு போனார்கள்.

"சத்தாவென் வந்தின்ன, துவே," என்றார் மெதுவாக.

துவே என்றால் மகளே, வந்தின்ன என்றால் கும்பிடு, தெரியும். சத்தாவென் என்றால் சத்தமாக என்று நினைத்தேன். நம் கோயிலில் அப்படித்தானே!

"முருகா!" என்று கத்தினேன்.

வெளியே காலடிகள் நின்றன. அம்மே என் வாயைப் பொத்திக்கொண்டு, "சாது! சாது! சாது!" என்று பௌத்தர்கள் கும்பிடும்போது சொல்வதை முழங்கினார்.

"கவுத ஏ?" யாரது என்று ஒருவன் அதட்டினான்.

"மகே துவ. வந்தினவா."

என் மகள், கும்பிடுகிறாள் என்றார். காலடிகள் நகர்ந்தன. "மோட துவ," மக்கு மகளே என்று என் தலையில் குட்டிச் சிரித்தார், கண்ணில் நீர். அப்பாவும் அம்மாவும் வந்து சேரும்வரை என்னை மடியிலிருந்து இறக்கவில்லை.

மகள் இன்னும் வேரை விளக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்த வேர், தேங்காயெண்ணெய் மணக்க என் வாயைப் பொத்திய அந்தக் கைதான்.